அலையைத் தொடாமல் அளவைக் குறைப்போம்

இண்டக்‌ஷன் அடுப்பில் பாலை வைத்துச் சூட்டை மிகக் கீழே இறக்கினால், பல மாடல்களில் பால் சில நொடி நுரைத்தெழும், அடங்கும், மறுபடி எழும். உள்ளிருக்கும் இன்வெர்ட்டர் தன்னால் ஒழுங்காக ஓடக்கூடிய அளவில் ஓடிவிட்டுச் சற்று ஓய்கிறது. விலை மலிவுக்காகச் செய்த சமரசம் என்று நம்மில் பலர் இதை ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓடும் ரெசொனன்ட் இன்வெர்ட்டருக்கு, விட்டுவிட்டு ஓட்டும் வேகத்தை மட்டும் பலமடங்கு கூட்டிக்கொண்டால், இதுவே சரியான கட்டுப்பாட்டு முறை என்பது நம் வாதம்.

காரணம் ஸ்விட்ச்சில் இருக்கிறது. 400 வோல்ட்டில் நிற்கும் ஒரு மாஸ்ஃபெட்டின் வெளியீட்டுக் கொள்திறனை 100 பிகோஃபாரட் என்று கொள்வோம். மின்னழுத்தம் சுழியைத் தொடும் முன்பே அது மூடினால், ஒவ்வொரு முறையும் 8 மைக்ரோஜூல் அதற்குள்ளேயே எரிகிறது. 50 கிலோஹெர்ட்ஸில் அது 0.4 வாட், கவலையில்லை. 13.56 மெகாஹெர்ட்ஸிலோ அதே பிழை 108 வாட். 1975இல் சோக்கல் தந்தையும் மகனும் வெளியிட்ட கிளாஸ்-இ சுற்று இந்த இழப்பைத் தவிர்க்கவே அலைவடிவத்தைச் செதுக்கியது. அந்த வடிவம் குறிப்பிட்ட சுமைக்கும் அதிர்வெண்ணுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை. கட்டுப்படுத்துகிறேன் என்று அதைப் பிடித்து இழுத்தால் தையல் விட்டுவிடும்.

வழக்கமான இரண்டு முறைகளும் அதைத்தான் இழுக்கின்றன. ஃபுல் பிரிட்ஜில் இரு கால்களுக்கிடையே கட்டத்தை நகர்த்தினால், ரெசொனன்ஸை ஒட்டி ஓடும்போது ஒரு கால் சுழி மின்னழுத்தத்தை இழக்கிறது. அதிர்வெண்ணை ஏற்றினால் அந்தச் சிக்கல் இல்லை, வேறொன்று வருகிறது. க்யூ மதிப்பு 10 உள்ள தொடர் சுற்றில் ஆற்றலைப் பத்தில் ஒன்றாக்க, 13.56இலிருந்து ஏறத்தாழ 15.7 மெகாஹெர்ட்ஸுக்குப் போக வேண்டும். தொழில்துறைக்கு ஒதுக்கிய அலைவரிசையோ இருபுறமும் 7 கிலோஹெர்ட்ஸ்தான். அதற்குள் எவ்வளவு நகர்த்தினாலும் ஆற்றல் பத்தாயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்குதான் மாறும்.

விட்டுவிட்டு ஓட்டினால் பக்க அலைகள் அதே அலைவரிசையைத் தாண்டாதா என்று கேட்கலாம். தாண்டும். ஆனால் ஊர்தி அலை தன் இடத்திலேயே நிற்கிறது. வெளியே போவது பக்க அலைகள் மட்டும்தான். கவசமும், தொடக்க முடிவுகளைச் சற்று மழுக்குவதும் அதைச் சமாளிக்க உதவும். தொடங்கி நிலைபெறும் நேரம் வீண் என்பது அடுத்த ஆட்சேபம். அதே க்யூ 10 சுற்றின் கால மாறிலி 0.23 மைக்ரோநொடி, ஒரு மைக்ரோநொடிக்குள் அலை நிலைபெற்றுவிடும். 20 கிலோஹெர்ட்ஸில் விட்டுவிட்டு ஓட்டும்போது, பத்தில் ஒரு பங்கு ஆற்றலுக்குக்கூட 5 மைக்ரோநொடி ஓட்டம் கிடைக்கிறது. அதற்கும் கீழே போனால் வீண் பங்கு கூடும். அங்கே விட்டுவிட்டு ஓட்டும் வேகத்தைத் தணிக்க வேண்டும்.

இடைவெளியைப் பொறுக்காத சுமைகள் உண்டு. பிளாஸ்மா அணைந்தால் மறுபடி பற்றவைக்க வேண்டும். அங்கே உள்ளீட்டு டிசி மின்னழுத்தத்தை மாற்றுவதே நல்லது; இன்னொரு மாற்றிக்கட்டத்தின் இழப்பு அதற்கான விலை. அதுவும் அலையைப் பெரிதும் தொடாத வழிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற சுமைகளுக்கு வடிவமைப்பாளர் முதலில் எழுத வேண்டியவை இரண்டு எண்கள்: சுற்று நிலைபெற ஆகும் நேரம், சுமை பொறுக்கும் நேரம். விட்டுவிட்டு ஓட்டும் ஒரு சுழற்சியின் நேரம் இந்த இரண்டுக்கும் நடுவில் அமைய வேண்டும். பால் நுரைத்து அடங்குவது தெரிகிறதென்றால், அந்த அடுப்பில் முறை தப்பவில்லை. இரண்டாவது எண்தான் தப்பியிருக்கிறது.