உத்தியோகஸ்தர்களும் ஊரும்

சர்க்கார் உத்தியோகஸ்தர் என்பவர் பொது ஜனங்களின் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கிப் பொது ஜனங்களுக்கு வேலை செய்ய ஏற்பட்டவர் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரே ஊருக்கு வேலை செய்யும் உத்தியோகஸ்தர்களுக்குள்ளாவது ஒருவரையொருவர் தெரியுமா, ஒருவர் அறிந்ததை மற்றவர் அறிந்துகொள்ள வழி உண்டா என்று பார்த்தால், இல்லையென்றுதான் சொல்லவேண்டி இருக்கிறது. இதற்குத் திருநீர்மலையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

2021-ஆம் வருஷம் வரை திருநீர்மலை ஒரு பேரூராட்சி. அவ்வருஷத்தில் ஐந்து நகராட்சிகளும், திருநீர்மலை உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2019-இல், செங்கல்பட்டு தனி ஜில்லாவாயிற்று. பெயர்ப் பலகைகள் மாறின, முத்திரைகள் மாறின. ஆனால் ஏரி ஒரு இலாகா, பட்டா ஒரு இலாகா, சாக்கடை மாநகராட்சி, பெரிய ரோடு வேறொரு இலாகா, மின்சாரம் தனி வாரியம் என்ற நிலைமை மட்டும் மாறவில்லை. மழைத் தண்ணீருக்கு இந்த இலாகாப் பாகப்பிரிவினை தெரியுமா?

இவ்வூர் மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதென்றும், ஆழ்வார் ஒருவர் அது வடியும்வரை மாதக்கணக்கில் காத்துக்கிடந்து தரிசனம் செய்தார் என்றும் புராணம் சொல்லுவார்கள். ஆழ்வார் காத்திருந்தது எவ்வளவு மெய்யோ, நமக்குக் கவலையில்லை. ஆனால் 2015 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, அடையாறு கரைமீறி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் ஜனங்கள் மொட்டைமாடியில் காத்துக்கிடந்தது மட்டும் மெய். எந்த வாய்க்கால் எங்கே தூர்ந்தது என்பது தலையாரிக்குத் தெரியும். அதன் பழைய அளவு சர்வேயருக்குத் தெரியும். பாலத்தின் கண் எத்தனை அடி என்பது இஞ்சினீயருக்குத் தெரியும். எந்தத் தெருவில் படுத்த படுக்கையாய்க் கிழவர் இருக்கிறார் என்பது சுகாதார நர்சுக்குத் தெரியும். இந்த நான்கு பேரும் மழைக்கு முன்னால் ஒரு முறையாவது ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடுமே! இதற்கு ஆகாயத்திலிருந்து யாராவது இறங்கி வரவேண்டுமா?

உத்தியோகஸ்தர்கள் கூடுவதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆயுத பூசைக்கு வசூல் போட்டுப் பொரிகடலையோடு கூடுகிறார்கள். யாராவது ரிட்டையர் ஆனால் மாலையோடு கூடுகிறார்கள். சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் சங்கம் வைத்துக் கூடுகிறார்கள். இந்தக் கடைசி காரியம் நியாயமானது, அதை நாம் குறை சொல்ல வரவில்லை. ஊரின் காரியத்துக்காகக் கூட ஒரு இடம் எங்கே என்பதுதான் நமது கேள்வி.

பயிற்சி ஸ்தாபனங்கள் இருக்கின்றன. புதிய குமாஸ்தாக்களுக்குப் பவானிசாகர் இருக்கிறது. பெரிய அதிகாரிகளுக்குச் சென்னையில் அண்ணா பெயரால் ஒரு நிலையம் இருக்கிறது. தாம்பரத்துக்குத் தெற்கே மறைமலை நகரில் ஊரக வளர்ச்சிக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. மத்திய சர்க்கார் 2020-இல் ‘கர்மயோகி’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்து, கம்ப்யூட்டரிலேயே பாடம் படிக்க ஏற்பாடு செய்திருக்கிறது. பெயரைக் கேட்டால் ஏதோ மடத்துக்கு ஆள் சேர்ப்பது போல் இருந்தாலும் பாடம் பாடந்தான், படிக்கட்டும். ஆனால் அடையாற்றின் வளைவை எந்தக் கம்ப்யூட்டர் பாடமும் சொல்லிக்கொடுக்காது. அதைப் பக்கத்து ஆபீசில் இருப்பவரிடந்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒரு பிரதேசத்தில் வேலை செய்யும் பல இலாகா உத்தியோகஸ்தர்களைப் பதவி வித்தியாசம் பாராமல் ஒன்றுகூட்டி, ஒருவரிடம் ஒருவர் கற்கவும், சம்பளத்தோடு லீவு பெற்று உள்ளூர்ப் பொதுக் காரியங்களில் உழைக்கவும் அங்கே வகை செய்தார்கள். ‘அது வெள்ளைக்காரன் ஊர், இங்கே நடக்குமா?’ என்று சிலர் கேட்கலாம். 1991-இல் புதுக்கோட்டை ஜில்லாவில் நடந்ததே! கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் காலத்தில் அறிவொளி இயக்கம் என்று கிளம்பி, உத்தியோகஸ்தரும் ஆசிரியரும் வாலிபரும் ஒரு காசு வாங்காமல் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கல்லுடைக்கும் பெண்கள் எழுத்துக் கற்றார்கள். பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் விடப் பழகினார்கள். கேலி செய்தவர்களும் இருந்தார்கள், சைக்கிள் நிற்கவில்லை.

தடை எங்கேயென்றால் ஜாதியில் இருக்கிறது. உத்தியோகம் ஒரு கூட்டத்தாருக்கே சொந்தம் என்றிருந்ததை உடைக்கத்தான் 1921-இல் வகுப்புரிமை உத்தரவும், 1929-இல் சென்னை மாகாண சர்வீஸ் கமிஷனும் வந்தன. அதன் பலனாய் எல்லா வகுப்பாரும் ஆபீசுக்குள் போனார்கள். போனபின் அங்கே ஏ, பி, சி, டி என்று நான்கு வருணம்! ‘டி’யில் இருப்பவன் ‘ஏ’யில் இருப்பவர் முன் உட்காரக்கூடாதாம். தலையாரி நின்றுகொண்டே எப்படி ஏரியைப் பற்றித் தாராளமாய்ப் பேசுவான்?

‘தொண்டு’ என்ற பெயரால் நடக்கக்கூடிய அக்கிரமத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2015 வெள்ளம் வடிந்தபின் சென்னையின் குப்பையை வார வெளி ஜில்லாக்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் எந்த ஜாதியார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே உத்தியோகஸ்தர் தொண்டு என்றால் அதிகாரி போட்டோவுக்கு நிற்பதும், தொழிலாளி கூலியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை குப்பை வாருவதுமாக ஆகிவிடக் கூடாது. தொண்டு மேலிருந்து தொடங்கட்டும். இஷ்டப்பட்டவர் வரட்டும். வராதவர் மேல் குறிப்பு எழுதக் கூடாது.

‘ஆள் பற்றாக்குறை, வேலை தலைக்கு மேல் கிடக்கிறது’ என்பார்கள். காலி இடங்களை நிரப்ப வேண்டியது சர்க்கார் கடமை, அதைக் கேட்க நாமும் கூட வருகிறோம். ஆனால் ஒரே மனு ஐந்து ஆபீசுக்கு அலைவதால் உண்டாகும் வேலை எவ்வளவு என்று அவர்களே கணக்குப் பார்க்கட்டும்.

நாம் கேட்பது அதிகமில்லை. மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், ஆபீஸ் நேரத்திலேயே, ஒரு பள்ளிக்கூட ஹாலில் இப்பகுதியின் எல்லா இலாகாக்காரர்களும் கூடவேண்டும். ஏரிப் படம், பட்டாப் படம், சாக்கடைப் படம் மூன்றையும் ஒன்றாய் விரிக்கவேண்டும். தலையாரிக்கும் நாற்காலி போடவேண்டும். மாநகராட்சியில் 70 வார்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வார்டுத் தோழர்களும் தங்கள் மெம்பருக்கும் கமிஷனருக்கும் இதை எழுதி, ஐப்பசி மழைக்கு முன் முதல் கூட்டத்தின் தேதியைக் கேட்டு வாங்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறோம்.