'இஸ்கூல்' என்றால் சிரிக்காதீர்கள்



இந்த வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றியது. ஒருவர் 'இஸ்கூல்', 'இஸ்டேஷன்' என்று பேசுவதைக் கேலி செய்யும் வீடியோ. நிறையப் பேர் சிரிப்பு பொம்மை போட்டிருந்தீர்கள். அதில் என்னிடம் படித்து இன்று ஆசிரியராக இருப்பவர்களும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

'இஸ்கூல்' என்பது படிப்பறிவு இல்லாததன் அடையாளம் அல்ல. அது இலக்கணம்.

உருது பேசும் வீட்டுப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 'தோஸ்த்' (நண்பன்) என்று அழகாகச் சொல்லும். அங்கே ஸ், த் இரண்டும் சொல்லின் கடைசியில் சேர்ந்து நிற்கின்றன. 'ராஸ்தா' (பாதை) என்றும் சொல்லும். அங்கே இரண்டும் நடுவில் வருகின்றன. ஆனால் அதே மாதிரிக் கூட்டு சொல்லின் முதலில் வந்தால் அந்த மொழியின் பழக்கத்துக்கு ஒத்துவராது. எனவே முன்னால் ஓர் 'இ' வந்து தாங்கிக்கொள்கிறது: இஸ்‑கூல். பஞ்சாப் பக்கம் போனால் நடுவில் உயிர் நுழைத்து 'ஸகூல்' என்பார்கள். நாவுக்கு ஒலி தெரியும். அதன் இடம்தான் புதிது.

எந்த ஒலி சொல்லில் எங்கே வரலாம் என்று ஒவ்வொரு மொழியும் சட்டம் வைத்திருக்கிறது. உருதுவில் 'ஸடக்' (சாலை), 'பஹாட்' (மலை) என்ற சொற்களில் நாக்கை மடித்துத் தட்டும் ஓர் ஒலி உண்டு. அதற்குத் தனி எழுத்தே இருக்கிறது. ஆனால் அந்த எழுத்தில் தொடங்கும் சொல் கிடையாது. நம் ழ, ள, ண மாதிரிதான்.

நம் சட்டம் நினைவிருக்கிறதா? மொழிமுதல், மொழியிறுதி என்று வகுப்பில் நடத்தினேனே! ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டும் முதலில் வராது. அதனால்தான் இராமன், இலட்சுமி, அரங்கன், உலோகம். 18 மெய்களில் 11தான் சொல்லின் இறுதியில் நிற்கும். வல்லினம் ஆறும் நிற்காது. அதனால்தான் 'கேட்' நமக்குக் 'கேட்டு', 'பஸ்' நமக்கு 'பஸ்ஸு'. உருது வழியாக வந்த 'ரஸீத்' நம் வாயில் 'ரசீது' ஆனது. 'அஸ்ல்' அசல் ஆனது. 'நக்ல்' நகல் ஆனது. 'ஷர்த்' என்ற சொல்லுக்கு நடுவில் ஓர் உயிர், கடைசியில் ஓர் உயிர் கொடுத்து 'ஷரத்து' ஆக்கினோம். தோஸ்தைக்கூட 'தோஸ்து' ஆக்கிவிட்டோம். 'இ' போடுபவரைப் பார்த்து 'உ' போடுபவர் சிரிக்கலாமா?

ஆங்கிலேயருக்கும் இதே கதைதான். 'நைஃப்' என்ற சொல்லின் முதல் எழுத்து 'கே'. ஒரு காலத்தில் அதை உச்சரித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். கிரேக்கரின் 'ப்ஸ்' ஒலியைச் சொல்ல வராமல் 'சைக்காலஜி' என்கிறார்கள். கிரேக்க 'பிளாத்தோன்' அரபியில் 'அஃப்லாத்தூன்' ஆனார். ஜப்பானியர் 'ஸ்ட்ரைக்' என்பதை 'சுதொராய்கு' என்பார்கள். இவர்களை யாரும் கேலி செய்வதில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை சொன்னால் மட்டும் சிரிப்பு வருகிறது. அப்போது நாம் சிரிப்பது உச்சரிப்பைப் பார்த்து அல்ல.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் உருது பேசும் வீட்டுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். 'இஸ்டார்' என்றாள் என்று ஓர் ஆசிரியர் வகுப்பு முன்னால் அவளை மூன்று முறை சொல்லவைத்தார். வகுப்பே சிரித்தது. அந்த வருடம் முழுக்க அவள் ஆங்கிலப் பாட நேரத்தில் வாயைத் திறக்கவில்லை. உச்சரிப்பு சரியாகவில்லை, பேச்சுதான் நின்றுபோனது.

திருத்தவே கூடாதா என்று கேட்பீர்கள். திருத்தலாம், வழி இருக்கிறது. பாம்பு மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டச் சொல்லுங்கள். அப்படியே 'கூல்' சேர்க்கச் சொல்லுங்கள். அல்லது 'பஸ் ஸ்டாப்' சொல்லவைத்து, 'பஸ்' என்பதை மெல்ல விடச் சொல்லுங்கள். தெரிந்த ஒலியைப் புது இடத்துக்கு நகர்த்துவதுதான் வேலை. தனியாக, சிரிக்காமல் செய்தால் சில நாளில் வந்துவிடும். வராவிட்டாலும் குடி முழுகிப் போகாது.

அந்த வீடியோவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். வகுப்பில் இருப்பவர்கள் அந்தப் பாம்பு விளையாட்டைச் செய்து பார்த்து, எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்