குரூப் போட்டோவில் இல்லாதவர்கள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் முன்னாள் மாணவர் சந்திப்புகள் நடக்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் மாதக்கணக்கில் பேசி, பணம் திரட்டி, படிப்பை முடித்த ஆண்டை அச்சிட்ட பனியனைப் போட்டுக்கொண்டு, நரைத்த தலைகளோடு பழைய வகுப்பறைக்குள் நுழைந்து அதே பெஞ்சில் நெருக்கி உட்கார்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்திக் காலில் விழுகிறார்கள். மேடைக்குப் பின்னால் பத்தாம் வகுப்பில் எடுத்த குரூப் போட்டோ ஃப்ளெக்ஸாகப் பெரிதாக்கப்பட்டுத் தொங்குகிறது. ‘ஆட்டோகிராஃப்’, ‘96’ போன்ற படங்களை மக்கள் கொண்டாடியதிலும் இதே ஏக்கம் இருந்தது. இதில் குறை காண எதுவுமில்லை. ஆனால் மைக் பிடிப்பவர்கள் நினைவோடு நின்றுவிடுவதில்லை. அன்றைக்கு ஒழுக்கம் இருந்தது, வாத்தியார் என்றால் பயம் இருந்தது, சாதி பார்க்காமல் பழகினோம், அன்றைய எட்டாம் வகுப்பு இன்றைய பட்டப்படிப்புக்குச் சமம் என்று தீர்ப்பும் வழங்கிவிடுகிறார்கள். டீக்கடைப் பேச்சில் தொடங்கும் அந்தத் தீர்ப்பு, ஆசிரியர் கையில் மறுபடியும் பிரம்பைக் கொடுங்கள் என்ற கோரிக்கை வரை போகிறது. நினைவு அவரவர் உடைமை. தீர்ப்போ இன்று படிக்கும் பிள்ளைகளின் தலையில் விடிகிறது. எனவே அதைச் சரிபார்த்தாக வேண்டும்.

அந்தக் குரூப் போட்டோவிலிருந்தே தொடங்கலாம். அதில் இருப்பவர்கள் பத்தாம் வகுப்பு வரை வந்து சேர்ந்தவர்கள். ஒன்றாம் வகுப்பில் அவர்களோடு சேர்ந்தவர்கள் எத்தனை பேர், வழியில் நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்பதை அந்தப் படம் காட்டாது. 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். பத்து ஆண்டுகள் கழித்து, 1961இல், பெண்களில் மட்டும் பார்த்தால் ஏறக்குறைய அதே ஐந்தில் ஒருவர்தான். 1971இல்கூட எழுத்தறிவு பாதியைத் தொடவில்லை. தங்கையையும் தம்பியையும் பார்த்துக்கொள்ள மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண்கள், சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஒட்டப்போன சிறுமிகள், காஞ்சிபுரத்தில் தறியில் உட்கார்ந்த சிறுவர்கள், பண்ணையார் வீட்டு மாடு மேய்க்க விடப்பட்டவர்கள் எல்லோரும் அந்தப் பொற்காலத்தில் வாழ்ந்தவர்களே. அவர்களிடம் பள்ளிக்கூட நினைவு என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனால் அவர்கள் சந்திப்பு நடத்துவதில்லை, நினைவுக் குறிப்பு எழுதுவதில்லை. நம்மிடம் இருக்கும் பள்ளி நினைவுகள் எல்லாமே பள்ளியில் தங்க முடிந்தவர்களின் சாட்சியம். பெரும்பான்மையோரை வெளியே நிறுத்திவிட்டு எடுத்த வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு ஒரு காலத்துக்கே மதிப்பெண் போட முடியாது.

அந்தக் காலம் தன்னைப் பற்றித் தானே என்ன நினைத்தது என்பதற்கும் சான்று இருக்கிறது. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்ற 1953ஆம் ஆண்டுத் திட்டத்தை மக்கள் எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. 1956இல் மதிய உணவு தொடங்கியதற்குக் காரணம், பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்ற கண்கூடான உண்மை. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, அதை மிகப் பெரிதாக விரிவாக்க வேண்டியிருந்தது என்றால், கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தப் பசி தீரவில்லை என்றுதான் பொருள். சீருடை, பாடநூல், பஸ் பாஸ், மிதிவண்டி, 2022இல் தொடங்கிய காலை உணவு என்று ஒவ்வொன்றின் பின்னாலும், அதுவரை பள்ளிக்கு வர முடியாமல் இருந்த பிள்ளைகளின் ஒரு கூட்டம் நிற்கிறது. ஓலைக் கொட்டகையில் படித்த நினைவு கவிதையாகத் தோன்றலாம். ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றின் கீற்றுக் கூரையில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொன்றது. அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகை கூடாது என்ற விதி உயிர்பெற்றது.

தரம் பற்றிய வாதத்துக்கு வருவோம். அன்று எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் விண்ணப்பம் எழுதினார், கணக்கை மனத்திலேயே போட்டார் என்கிறார்கள். பலர் விஷயத்தில் அது உண்மைதான். ஆனால் அவர்கள் பல சல்லடைகளில் சலித்து மிஞ்சியவர்கள். ஐந்தாம் வகுப்பு ஒரு சல்லடை, எட்டாம் வகுப்பில் இ.எஸ்.எல்.சி. தேர்வு ஒரு சல்லடை, ஆண்டுதோறும் ‘ஃபெயில்’ ஒரு சல்லடை, வீட்டு வறுமை எல்லாவற்றையும்விடப் பெரிய சல்லடை. அப்படி மிஞ்சிய சிலரை, 2025இல் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்ற 93.8 சதவீதம் பேரோடு ஒப்பிடுவது, ஓட்டப்பந்தய இறுதிச் சுற்றில் ஓடியவர்களை ஊர் முழுவதோடும் ஒப்பிடுவது போன்றது. இங்கே எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தேர்ச்சி விகிதம் ஏறியதால் கல்வி ஏறியதாகிவிடுமா? ஆகாது. ஊரகப் பிள்ளைகளிடம் நடத்தப்படும் ‘அசர்’ ஆய்வின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சுமார் நான்கில் ஒருவர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசித்தார். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தது ஒரு காரணம். ஆயினும் அதற்கு முன்பும் நிலைமை பெருமைப்படும்படி இல்லை. இது கடுமையான குறை, உடனே கவனிக்க வேண்டிய குறை. ஆனால் இன்றைய குறை நமக்குத் தெரிவதே இன்று நாம் எல்லாப் பிள்ளைகளையும் அளக்கிறோம் என்பதால்தான். 1965இல் வாசிக்கத் தெரியாத ஐந்தாம் வகுப்புப் பையனை யாரும் அளக்கவில்லை. அவன் மக்கு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தோடு கணக்கு முடிந்தது.

பிரம்பைப் பற்றிய ஏக்கம்தான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் சார்’ என்று பெற்றோர் சொன்னதை இன்றும் சிலாகித்துப் பேசுகிறோம். அடி வாங்கியதால்தான் ஆளானோம் என்று சொல்பவர்கள் அடி வாங்கியும் ஆளானவர்கள். அடி தாங்காமல் பள்ளிப் பக்கமே வராமல் போனவர்கள் இங்கும் மேடையில் இல்லை. பிரம்பு இன்னும் முழுதாகப் போய்விடவும் இல்லை. 2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில் பள்ளி செல்லும் பிள்ளைகளில் மூவரில் இருவர் பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலை வருத்துவதையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்த பிறகுதான் அடித்தவரைக் கேள்வி கேட்கச் சட்டத்தில் தெளிவான இடம் கிடைத்தது. அப்படியானால் இன்று மாணவர்கள் ஆசிரியரை எதிர்த்துப் பேசுகிறார்களே, சில இடங்களில் கை ஓங்குகிறார்களே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கான விடை பிரம்பில் இல்லை. அன்றைய வாத்தியாரின் அதிகாரத்தில் பாதி, அவர் அந்த ஊரிலேயே குடியிருந்ததிலிருந்து வந்தது. பையன் வராவிட்டால் சாயங்காலம் வீட்டு வாசலில் போய் நின்றார். அப்பனுக்கு என்ன வேலை, அடுப்பு எரிகிறதா என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய ஆசிரியருக்கு எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் விவரம் ஏற்றவும், செயலியில் வருகைப் பதிவு போடவும், வாக்காளர் பட்டியல் சரிபார்க்கவுமே நாள் போய்விடுகிறது. பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் நேரத்தைப் பறித்துக்கொண்டு மரியாதையை மட்டும் எதிர்பார்க்க முடியாது.

சாதி பார்க்காமல் பழகினோம் என்ற நினைவையும் யாருடையது என்று கேட்டுத்தான் ஏற்க வேண்டும். பார்க்கத் தேவையில்லாதவருக்குச் சாதி கண்ணில் படுவதில்லை. தனிக் குவளையில் தண்ணீர் குடித்தவருக்கு அது ஒரு நாளும் மறப்பதில்லை. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி போட்டதை எதிர்த்துக் கிளம்பிய போராட்டம் தமிழக அரசியலையே திருப்பியது. ஒரு நூற்றாண்டு போன பிறகு, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்குவது முதல் மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை விதிப்பது வரை பரிந்துரைத்திருக்கிறது. எனவே அன்று நல்லது, இன்று கெட்டது என்றோ, அன்று கெட்டது, இன்று நல்லது என்றோ கோடு கிழிக்க இந்த விஷயத்தில் இடமே இல்லை. ஒரே புண் இரண்டு காலத்திலும் ஆறாமல் இருக்கிறது.

அப்படியானால் இந்த ஏக்கம் முழுவதும் கற்பனையா? இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலத்து நிகழ்ச்சிகளே அளவுக்கு மீறி மேலே வருகின்றன என்று உளவியலாளர்கள் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே பள்ளி எப்படி இருந்திருந்தாலும் ஓரளவு ஏக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த இயல்பான ஏக்கத்தைக் கழித்த பிறகும் மிஞ்சுகிற இழப்புகள் இரண்டு உண்டு. ஒன்று, பலதரப்பட்ட பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்த வகுப்பறை. எத்தனையோ குறைகளோடும், தாசில்தார் மகனும் தையல்காரர் மகனும் ஒரே கூரையின்கீழ் ஒரே வாத்தியாரிடம் படித்த பள்ளிகள் நம் சிற்றூர்களிலும் தாலுகா ஊர்களிலும் இருந்தன. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பள்ளிக்குப் போக வேண்டும் என்று 1966இல் கோத்தாரிக் கல்விக் குழு சொன்னது. தனியே பிரித்துப் படிக்கவைப்பது வசதியுள்ள பிள்ளைகளுக்கும் நட்டம் என்றும் அது எச்சரித்தது. நாம் நேர் எதிர்த் திசையில் போனோம். பல்கலைக்கழகங்களின்கீழ் சில பத்துகளாக இருந்த மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்கு 1978இல் தனி வாரியம் வந்தது; அதன் பிறகு அவை ஆயிரக்கணக்கில் பெருகின. இன்று ஒரே தெருவில் ஒரு பிள்ளை மெட்ரிகுலேஷன் பள்ளியின் மஞ்சள் வேனுக்கும், ஒரு பிள்ளை சி.பி.எஸ்.இ. பள்ளிப் பேருந்துக்கும் காத்து நிற்க, மூன்றாவது பிள்ளை அரசுப் பள்ளிக்கு நடந்து போகிறது. மூவரும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமலே வளர்ந்துவிடலாம்.

இரண்டாவது இழப்பு, சாயங்காலம். பள்ளி விட்டதும் பிள்ளை கையில் இருந்த, யாருக்கும் விற்கப்படாத அந்த இரண்டு மூன்று மணி நேரம். இன்று அது டியூஷனுக்கும் நீட், ஜே.இ.இ. பயிற்சிக்கும் போய்விட்டது. உறைவிடப் பள்ளிகளில் விடியற்காலை முதல் இரவு வரை மணி அடித்துப் படிக்கவைக்கும் முறைக்கு மக்களே ‘பிராய்லர் பள்ளி’ என்று பெயர் வைத்தார்கள். பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பழக்கத்தைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது. பிள்ளைகளின் சுமையைக் குறைக்க 2025இல் அது விலக்கப்பட்டது. தேர்வு வைத்தாலும் எடுத்தாலும் போட்டி குறையவில்லை. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த இரண்டு இழப்புகளையும் இன்றைய பிள்ளைகள் உண்டாக்கவில்லை. பக்கத்துப் பள்ளியை விட்டு வேனில் ஏற்றியவர்களும், சாயங்காலத்தைப் பயிற்சி மையத்துக்குக் கொடுத்தவர்களும் மேடையில் நின்று அந்தக் கால அரசுப் பள்ளிக்காகக் கண் கலங்குகிற அதே தலைமுறைதான்.

பெற்றோருக்கு வேறு வழி என்ன, ஆங்கிலம் வேண்டும், வேலை வேண்டும், அரசுப் பள்ளியில் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் எதை நம்பிப் பிள்ளையை அனுப்புவது என்று கேட்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு குடும்பத்தின் முடிவும் புரிந்துகொள்ளக் கூடியதே. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஃபீஸ் கட்டும் தாயைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஆனால் கேட்கத் தெரிந்தவர்கள், மனுப் போடத் தெரிந்தவர்கள், அதிகாரியைப் பார்த்துப் பேசத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறும்போது, அந்தப் பள்ளிக்காகப் பேச ஆள் இல்லாமல் போகிறது. காலிப் பணியிடம் காலியாகவே கிடக்கிறது. பிள்ளைகள் எண்ணிக்கை பத்துக்கும் கீழே இறங்கிய தொடக்கப் பள்ளிகள் பல இப்படித்தான் உருவாயின.

இன்று நாம் ஏங்குகிற பள்ளிகள் பலவற்றுக்கு உருவம் கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் ஓர் உண்மை நெஞ்சைத் தொடுகிறது. பொதுக் கல்வி இயக்குநராக நெ.து. சுந்தரவடிவேலு இருந்தபோது, 1958 முதல், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. மேசை, நாற்காலி, கரும்பலகை முதல் கட்டடம் வரை ஊரார் தந்தார்கள். மதிய உணவுக்கும் தொடக்கத்தில் அரசோடு ஊரும் பங்கு போட்டது. அப்படித் தந்தவர்களில் பலர் பள்ளி வாசலை மிதிக்காதவர்கள். ஏங்குவதற்கு அவர்களுக்குப் பள்ளி நினைவு எதுவும் கிடையாது. இன்றைக்கு அப்படித் தரும் கைகளுக்கு இடம் கொடுக்க அமைப்புகள் இருக்கின்றன. கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2024இல் அதை மறுசீரமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் 2022 டிசம்பர் முதல் நன்கொடைக்கு வழி திறந்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு பள்ளித் தலைமையாசிரியர் அறையிலும் சேர்க்கை நீக்கல் பதிவேடு என்று ஒரு கனமான நோட்டு இருக்கும். யார் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்த வகுப்போடு நின்றார் என்று வரிசையாக எழுதியிருக்கும். சந்திப்புக்கு அழைப்பு அனுப்பும்போது குரூப் போட்டோவில் உள்ள பெயர்களோடு நிறுத்திவிடாமல், அந்தப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்க்கலாம். நின்றுபோனவர்களில் பலர் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். இன்று அந்தப் பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகளில் சிலர் அவர்களுடைய பேரப்பிள்ளைகள்.