இனாமா, கூலியா?

தீபாவளி நெருங்கினால் ஆரணிப் பட்டு முதலாளிகளின் திண்ணையில் நெசவாளிக்கு ஒரு வேட்டி, ஒரு சேலை, ஒரு பொட்டலம் இனிப்பு கிடைக்கிறது. மகள் கல்யாணம் என்று போய் நின்றால் முன்பணமும் கிடைக்கிறது. “நம் முதலாளி தர்மப் பிரபு” என்று பாவு வாங்கி நெய்பவன் மனதாரச் சொல்கிறான். அவனை நாம் பரிகசிக்க மாட்டோம். ஆபத்தில் கை கொடுத்தவனை மறப்பது மனிதத்தனம் அல்ல. முதலாளிமாரிலும் இரக்கப்பட்டுக் கொடுப்பவர் இருக்கிறார்கள்.

ஆனால் கொடுத்தவர் மனதை அறிய ஒரு வழி உண்டு. வாங்கியவன் அடுத்த வாரமே சேலைக்குக் கூலி கூட்டிக் கேட்கட்டும். அல்லது வேறு முதலாளியிடம் பாவு வாங்கப் போகட்டும். அப்போதும் அவர் முகம் மாறாவிட்டால் அது ஈகைதான். “முன்பணத்தை வைத்துவிட்டுப் போ” என்ற பேச்சு வந்தால், அது கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் அல்ல. தறிக்குழியில் இறங்கிய காலுக்குக் கட்டிய கயிறு. முன்பணத்தைக் காட்டி ஒருவனை வேறு இடம் போகவிடாமல் மடக்கி, குறைந்த கூலிக்கு வேலை வாங்குவது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. கணக்கோ முதலாளியின் நோட்டில் இருக்கிறது!

பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை. தறியும் வீடும் உழைப்பும் நெசவாளியுடையவை. மனைவி நூல் சுற்றித் தருகிறாள். அவளுக்கென்று தனிக் கூலி ஏது? அந்தக் கொடாத கூலியில் ஒரு துளிதான் தீபாவளிச் சேலையாகத் திரும்பி வருகிறது.

ஆலைத் தொழிலாளியும் ஒரு காலத்தில் இப்படித்தான் கையேந்தி நின்றான். முதல் உலகப் போரில் கொழுத்த பம்பாய்ப் பஞ்சாலை முதலாளிகள் சில ஆண்டுகள் ஒரு மாதச் சம்பளத்தைப் போனஸ் என்று கொடுத்துவந்தார்கள். 1923இல் “இவ்வாண்டு இல்லை” என்று அறிவித்தார்கள். 1924 தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சர்க்கார் அமைத்த கமிட்டி என்ன சொல்லிற்று? போனஸ் சட்டப்படி கேட்கத்தக்க பாத்தியதை அல்ல என்றது. தயவாகக் கொடுத்ததைத் தயவு தீர்ந்ததும் நிறுத்தலாம் என்பதே அதன் பொருள். பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1965இல் போனஸ் சட்டம் வந்தது. குறைந்தபட்சம் 4 சதவீதம் என்று தொடங்கி, பின்னர் அது 8.33 சதவீதமாயிற்று. அதன்பின் போனஸைத் தர்மம் என்று சொல்லிக்கொள்ள ஆலை முதலாளிக்கு வழி இல்லாமல் போயிற்று.

வீட்டுத் தறி நெசவாளிக்கு அந்த உரிமை எட்டவில்லை. ஒரே முதலாளிக்கு எத்தனை பேர் நெய்தாலும் ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆலை என்று காட்ட ஒரு கூரை இல்லை. களத்துமேட்டில் அளந்த கூலிக்கு மேல் ஒரு முறம் நெல் வாங்கும் விவசாயத் தொழிலாளிக்கு இது நன்றாக விளங்கும்.

நெசவாளர் தெருவிலும் கொடுக்கல் உண்டு. அடைமழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறித் தறி நின்றுபோன வீட்டுக்கு அடுத்த வீட்டிலிருந்து அரிசி போகிறது. கொடுத்தவளுக்கும் நாளை அதே மழைதான். அதற்கு நோட்டு இல்லை.

முதலாளியின் நோட்டுக்கு மட்டும் ஒரு பிரதி வேண்டும். முன்பணம் எவ்வளவு, கழித்தது எவ்வளவு, நெய்த சேலைக்குக் கூலி எவ்வளவு என்று எழுதிய புத்தகம் நெசவாளி கையிலும் இருக்கட்டும். தீபாவளிக்குக் கொடுப்பதை நெய்த சேலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுக்கட்டும். இனிப்புப் பொட்டலத்தை அதற்கு மேல் அவர்கள் இஷ்டம்போல் கொடுக்கலாம். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை.