குழாய்ச் சத்தமும் அயலார் செவியும்

நீதிமொழிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தில் நம்மைப் புன்னகை பூக்கச் செய்யும் வசனம் ஒன்று உண்டு. விடிந்தும் விடியாத வேளையில் எழுந்து அயலானை உரத்த குரலில் வாழ்த்துகிறவன் அவனைச் சபித்தவனாகவே எண்ணப்படுவான் என்பது அதன் கருத்து. மின்சாரமும் ஒலிபெருக்கியும் இல்லாத காலத்திலேயே ஞானி ஒருவர் இதை எழுத நேர்ந்தது என்றால், அவருடைய அண்டை வீட்டார் எத்தகையவராய் இருந்திருப்பாரோ! வாழ்த்தின் சொற்களில் குறை ஏதுமில்லை. வேளையும் குரலுமே அதைச் சாபமாக்கிவிட்டன.

நம் ஊர்களில் எழும் பேரோசைகளில் பெரும்பகுதி இத்தகைய வாழ்த்துத்தான். கலியாணம், காதுகுத்து, கொடியேற்றம், கும்பாபிஷேகம், புதுமனை புகுவிழா என்று எதை எடுத்துக்கொண்டாலும், அயலாரைத் துன்புறுத்த வேண்டும் என்னும் எண்ணத்தோடு எவரும் குழாய் கட்டுவதில்லை. தம் மகிழ்ச்சியை ஊரோடு பகிர்ந்துகொள்வதாகவே எண்ணுகின்றனர். ஆகையினால்தான் இதைப் பற்றிப் பேசுவது கடினமாக இருக்கிறது. திருடனைத் திருடன் என்று கூறிவிடலாம்; வாழ்த்துகிறவரை என்னவென்று கூறுவது?

குழாய் ஒலிபெருக்கி ஒரு காலத்தில் ஏழை எளியவர்க்கு வரமாகவே இருந்தது என்பதையும் மறக்கலாகாது. வானொலிப் பெட்டி வசதி படைத்தோர் வீட்டில் மட்டுமே இருந்த நாட்களில், கலியாணப் பந்தலருகே மூங்கிலை நட்டு உச்சியில் குழாயைக் கட்டினால்தான் வயலில் நாற்று நடும் பெண்களின் காதுக்கும் ஒரு பாட்டு எட்டும். மைக்செட்காரர் இசைத்தட்டுப் பெட்டியோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கினால் சிறுவர் பட்டாளம் அவரைச் சூழ்ந்துகொள்ளும். அவர் அன்று அந்த ஊருக்குப் பெரிய மனிதர். இன்று நாற்று நடும் பெண்ணின் இடுப்பிலேயே பாட்டுப் பெட்டி இருக்கிறது. வேண்டியதை வேண்டியபோது அவள் கேட்டுக்கொள்கிறாள். குழாய் வந்த தேவை போய்விட்டது. குழாய் மட்டும் போகவில்லை.

நம் ஆலயங்களையும் சற்று எண்ணிப் பார்ப்போம். தலைமுறை தலைமுறையாக ஆலய மணி ஊருக்குக் கடிகாரமாக இருந்து வந்திருக்கிறது. காலையும் நண்பகலும் மாலையும் திரிகால மணி அடிக்கும். துக்கமணி ஒலித்தால் வயலில் நிற்பவரும் தலைத்துண்டை எடுத்துவிட்டு, யாரோ என்று கேட்பார். மணி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். அதனால்தான் அதற்கு மதிப்பு. பெரிய வியாழன் இரவில் மணிகளெல்லாம் மௌனமாகி, மரத்தட்டையின் ஓசை மட்டும் எழுந்து, பாஸ்கா இரவில் மீண்டும் மணி முழங்கும்போது நம் உள்ளம் துள்ளுகிறதே, அதற்குக் காரணம் இடையில் இருந்த அமைதியன்றோ? கோபுரத்துக் குழாய்க்கு அந்த அடக்கம் கிடையாது. திருப்பலிக்கு முக்கால் மணி நேரம் முன்பே பாட்டுகள் தொடங்கிவிடுகின்றன. நடுவில் பாடகர் குழுத் தம்பி ஒருவர் ஒலிவாங்கியைத் தட்டித் தட்டி, “ஹலோ, ஹலோ” என்று ஊரையே எழுப்புகிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், வழிபாட்டினுள்ளேயே உரிய வேளைகளில் மௌனம் காக்கும்படி கேட்டிருப்பது பலருக்கு நினைவிலும் இல்லை.

கிறிஸ்தவர்களாகிய நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு கிறிஸ்தவ சபையினரின் செபக்கூடம் இருந்தது. ஒலிபெருக்கியும் முரசும் கித்தாருமாக அங்கே ஆராதனை நடைபெற்றது. ஓசையைத் தாங்க முடியவில்லை என்று அருகில் குடியிருப்போர் முறையிட்டனர். உயர்நீதிமன்றம் ஓசையைக் கட்டுப்படுத்த ஆணையிட்டது. சபையார் உச்சநீதிமன்றம் சென்று, சிறுபான்மையினரின் சமய உரிமை பறிபோகிறது என்றும், சாலையில் ஓடும் வண்டிகளே இரைச்சலுக்குக் காரணம் என்றும் வாதாடினர். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் தீர்ப்பு வந்தது. பிறருடைய அமைதியைக் குலைத்துத்தான் இறைவனை வேண்ட வேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். முதியோர், நோயாளர், தேர்வுக்குப் படிக்கும் மாணவர், கைக்குழந்தைகள் ஆகியோரின் அமைதியும் உறக்கமும் அதில் தனித்தனியே எண்ணிப் பார்க்கப்பட்டன. அது கத்தோலிக்கச் சபையன்று என்று நாம் ஒதுங்கிக்கொள்வது நேர்மையாகாது. நாடெங்கும் ஆலயங்களுக்கும் கோவில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் எடுத்துக்காட்டப்படும் அத்தீர்ப்பு, கிறிஸ்தவ வழிபாட்டுக்கூடம் ஒன்றைக் குறித்தே எழுதப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

மற்றொரு வழக்கை எழுத நம் கை தயங்குகிறது. ஆயினும் குடும்பங்களில் வாசிக்கப்படும் இதழில்தான் இது எழுதப்பட வேண்டும். 1998 ஜனவரித் தொடக்கத்தில் ஒரு செய்தி நாளிதழ்களில் வந்தது. 13 வயதுச் சிறுமி ஒருத்தி கொடியவர்களின் வன்கொடுமைக்கு ஆளானாள். உதவி கேட்டு அவள் கதறினாள். அருகில் ஒலிபெருக்கியில் முழங்கிய இசையில் அக்கதறல் எவர் காதிலும் விழவில்லை. அன்று மாலையே அவள் தனக்குத்தானே தீ வைத்துக்கொண்டு மாண்டாள். இச்செய்தி கண்டு நெஞ்சு பொறாத ஒருவர் உச்சநீதிமன்றத்தில் மனுக் கொடுத்தார். ஒலி மாசு குறித்து 2005 ஜூலையில் வந்த விரிவான தீர்ப்பு அம்மனுவிலிருந்து பிறந்ததே. அமைதியாக வாழ்வது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது.

அங்கே பாட்டுப் போட்டவர் யாரென்று நாம் அறியோம். அவர் கொடியவராக இருந்திருக்க வேண்டியதில்லை. அவர் வீட்டில் ஏதேனும் நல்ல காரியம் நடந்திருக்கலாம். ஒலிபெருக்கியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் தலைவலியையும் உறக்கக் கேட்டையும் கணக்கிடுகிறோம். அவை உண்மையே. ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. சத்தம் எழுப்புகிறவருக்கு அயலாரின் குரல் கேட்காமற் போய்விடுகிறது.

எரிக்கோ நகருக்கு வெளியே வழியோரம் அமர்ந்திருந்த பார்வையற்ற பர்த்திமேயுவை நினைத்துப் பாருங்கள். மாற்கு நற்செய்தியாளர் அக்காட்சியை 10ஆம் அதிகாரத்தில் தீட்டியிருக்கிறார். ஆண்டவரைச் சூழ்ந்து பெருங்கூட்டம் செல்கிறது. பக்தியுள்ள கூட்டம்தான். அக்கூட்டமே, கூவி அழைத்த அம்மனிதனை வாயடக்கச் சொல்லி அதட்டுகிறது. அவ்வளவு ஆரவாரத்துக்கு நடுவே ஆண்டவர் நிற்கிறார். அந்த ஒற்றைக் குரல் அவர் செவியில் விழுகிறது; அவனை அழைத்து வரச் சொல்கிறார். கூட்டம் அதன் பிறகே அவனிடம் அன்பாகப் பேசுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அரசு மருத்துவமனை ஒன்றின் பொது வார்டுக்கு நோயிற்பூசுதல் அளிக்கச் சென்றிருந்தோம். நோயாளியின் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பினார். எதிர்க்கட்டிலருகே துணைக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் கைப்பேசியில் ஏதோ படக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பும் மேளமுமாக அது முழு ஒலியில் அலறிற்று. குனிந்து காதைக் கொடுத்தும் நோயாளி சொல்வது ஒன்றும் பிடிபடவில்லை. நோயாளியின் மனைவி எழுந்து சென்று, “தம்பி, அவங்க சாமிகிட்ட கொஞ்சம் பேசணும்னு சொல்றாங்க. சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிடுறீங்களா?” என்றார். அந்த இளைஞர் பதறிப் போனார். “கவனிக்கலைம்மா, மன்னிச்சுக்கிடுங்க” என்று கைப்பேசியை அணைத்துவிட்டு வெளியே எழுந்து சென்றார். கால் மணி நேரம் கழித்துத் தேநீர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவர், அந்த அம்மாளுக்கும் ஒரு குவளை கொண்டுவந்திருந்தார்.

“கவனிக்கலை” என்பது உண்மையான சொல். பேருந்தில் கைப்பேசியை ஒலிபெருக்கியாக்கிக் குடும்பச் சண்டையைப் பயணிகள் அனைவருக்கும் கேட்கச் செய்கிறவரும், புகைவண்டியில் நள்ளிரவில் பாட்டுக் கேட்கிறவரும் பெரும்பாலும் கவனியாதவர்களே. கேட்கும் முறையில் கேட்டால் பலர் குறைத்துவிடுவர். நாமோ அரைமணி நேரம் முகத்தைச் சுளித்துவிட்டு, பிறகு ஒரேயடியாகச் சீறி விழுகிறோம். பல சுரம் எழுப்பும் ஊதுகுழலைப் பொருத்தி மருத்துவமனை வாசலிலும் முழங்கிச் செல்லும் வண்டிக்காரரை மட்டும் இவர்களோடு சேர்க்க நமக்கு மனமில்லை. 1989ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகளே அதைத் தடை செய்திருக்கின்றன. அவருக்கும் அது தெரியும்.

அண்டை வீட்டாரைக் கேட்பது எளிது. மற்றொரு சமயத்தாரைக் கேட்பது எளிதன்று. ஒரே தெருவில் ஆலயமும் கோவிலும் பள்ளிவாசலும் இருக்கும் ஊர்கள் நமக்கு எத்தனையோ. அங்கே ஒருவர் இரண்டு குழாய் கட்டினால் மற்றவர் நான்கு கட்டுகிறார். குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் சொன்னால், எங்கள் சாமியைப் பாடவிடாமல் தடுக்கிறார்கள் என்று பேச்சு எழுகிறது. காவல் நிலையத்தில் கொடுத்த மனு, ஊரைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துவிடவும் கூடும். இந்நிலையில் நமக்குத் தெரிந்த வழி ஒன்றே. முதலில் நம்முடையதைக் குறைத்துவிட்டு ஓராண்டு பேசாமல் இருக்க வேண்டும். அதற்குப் பின்னும் பேச வேண்டியிருந்தால், நம்முடைய சொல்லுக்கு ஓரளவு மதிப்பிருக்கும்.

குறைப்பது எவ்வாறு? கூம்பு வடிவக் குழாய் குரலை ஒரே திசையில் நெடுந்தொலைவு எறிவதற்கென்று அமைந்த கருவி. ஆலயத்தினுள்ளே அமர்ந்திருப்போருக்கு அதனால் பயன் சிறிதும் இல்லை. அவர்களுக்குச் சுவரில் தாழ்வாகப் பொருத்திய பெட்டி ஒலிபெருக்கிகளே ஏற்றவை. குறைந்த ஒலியிலும் சொற்கள் தெளிவாகக் கேட்கும். ஒலியை அளக்கும் டெசிபல் கணக்கையும் திருவிழாக் குழுவினர் அறிந்துகொள்வது நன்று. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்று அளவு வகுத்திருக்கின்றன. 55க்கும் 65க்கும் பத்துத்தானே வேறுபாடு என்று எண்ணக் கூடாது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. “கொஞ்சம் ஏத்துப்பா” என்று நாம் சொல்லும் அந்தக் கொஞ்சம் உண்மையில் கொஞ்சமன்று. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல், விழாக்களுக்கென மாநில அரசு நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம். கிறிஸ்து பிறப்புத் திருப்பலி அதையும் தாண்டிச் செல்வதாயின், உள்ளிருக்கும் பெட்டிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பங்குகளில் உடனே எழும் மறுப்பும் நமக்குத் தெரியும். “வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெரியவர்கள் குழாயில்தானே பூசை காண்கிறார்கள்?” இது நியாயமான கேள்வி. நடக்கமாட்டாத மூதாட்டி ஒருவர், சாமியின் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டே குழம்பைத் தாளித்து இறக்கிவிடுவதாகக் கூறினார். நம் பிரசங்கத்தின் நீளத்தைப் பற்றி அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. இத்தகையோருக்கு இன்று தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் திருப்பலி கிடைக்கிறது. வீட்டுப் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொடுக்க ஐந்து நிமிடம் செலவிட வேண்டும், அவ்வளவே. அதனினும் மேலாக, ஞாயிறுதோறும் நற்கருணையை அவர்கள் வீட்டுக்கே கொண்டு சென்று சிறிது நேரம் அருகில் அமர்ந்து பேசிவிட்டு வர ஆள் வேண்டும். ஒரு குழாயைக் கட்டிவிட்டால் அந்தக் கடமை தீர்ந்துவிட்டது என்று பங்கு எண்ணிக்கொள்வதே நம் வருத்தம். குழாய் அந்த மூதாட்டியிடம் பேசுகிறது. அவர் சொல்வதைக் கேட்பதில்லை.

டிசம்பர் வந்தால் இளைஞர்கள் வீடு வீடாகக் கிறிஸ்து பிறப்புப் பாடல் பாடப் புறப்படுவார்கள். அவர்களுக்காக இங்கே சில சொற்கள். அது பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு நடக்கும் மாதமும்கூட. மாலை ஆறரைக்கே தொடங்கினால் பத்து மணிக்குள் முடித்துவிடலாம். தெருத்தெருவாக நாளைப் பங்கிட்டு, எந்த வீட்டில் பச்சைக் குழந்தை, எந்த வீட்டில் இரவு வேலைக்குப் போய் வருபவர், எந்த வீட்டில் நோயாளி என்று அன்பியத் தலைவரிடம் முன்னரே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியில் கட்டிய ஒலிபெருக்கியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடலாம். நோயாளி இருக்கும் வீட்டு வாசலில் ஒரு பாட்டுப் போதும். அதையும் முரசின்றிப் பாடுங்கள். உள்ளே கட்டிலில் கிடப்பவர் கூடச் சேர்ந்து பாடினால், அது உங்களுக்குக் கேட்கும்.