கண்ணுக்கு மட்டும் கட்டியது

கட்டடக் கலை பற்றிப் பேசுகிறவர்கள் இப்போது ஐம்புலன்களைப் பற்றியும் பேசுகிறார்கள். பின்லாந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் யுஹானி பல்லாஸ்மா 1996இல் இதற்கென்றே ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். நவீனக் கட்டடம் கண்ணுக்கு மட்டும் தீனி போடுகிறது, தோலும் காதும் மூக்கும் பட்டினி கிடக்கின்றன, மற்ற புலன்களெல்லாம் தொடு உணர்வின் நீட்சிதான் என்பது அவர் வாதம். சரியான பேச்சுதான். ஆனால் சேரித் தெருவில் நின்று யோசித்தால் எனக்கு வேறு கேள்வி வருகிறது. யாருடைய கண்? யாருடைய தோல்?

நம்ம ஊர்க் கோயிலையே எடுத்துக்குங்க. ஐந்து புலனுக்கும் கணக்குப் பார்த்துக் கட்டியது அது. வெயில் பிரகாரம் தாண்டி உள்ளே போகப் போகக் கல் குளிர்கிறது. வெளிச்சம் குறைந்துகொண்டே போய்க் கருவறையில் ஒற்றை எண்ணெய் விளக்காகிறது. மணியோசை கல்லில் மோதித் திரும்புகிறது. மூக்குக்குக் கற்பூரம், கைக்கு விபூதி, நாக்குக்குப் பிரசாதம். இவ்வளவும் உள்ளே. வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு? கோபுரம். அங்கேயே நின்னு பாத்துக்கோ, கும்பிட்டுக்கோ. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று சமாதானம் வேறு. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம் ஆட்கள் கால் வைத்தது 1939 ஜூலை 8இல். அதுவரை எத்தனை தலைமுறைக்கு அது வெறும் கண்ணுக்கான கட்டடம்! பல்லாஸ்மா சொல்கிற நவீன நோய் நமக்குப் பழைய நோய்.

தீண்டாமை என்ற சொல்லே தொடு உணர்வை வைத்து வந்ததுதானே. திண்ணையில் யார் உட்காரலாம், நிலைப்படியை யார் தாண்டலாம் என்பதெல்லாம் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதிய மனுநீதி. உத்தப்புரத்தில் 1989இல் எழுப்பிய சுவரில் 2008 மே 6இல்தான் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தார்கள். மேட்டுப்பாளையம் நடூரில் மக்கள் 'தீண்டாமைச் சுவர்' என்று சொன்ன சுவர் 2019 டிசம்பர் 2 விடியற்காலை மழையில் சரிந்தது. பக்கத்து வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த தலித்துகள் 17 பேர் செத்தார்கள். சுவர் நம்மைத் தொட்டது அப்படித்தான்.

இன்னொரு கூட்டம் மண்சுவரையும் கீற்றுக் கூரையையும் புகழ்கிறது. இயற்கையாம், உடம்புக்கு இதமாம். அந்த மாதிரியே விடுதி கட்டி வாடகைக்கும் விடுகிறார்கள். சாணி மெழுகின தரையின் குளிர்ச்சி எனக்கும் தெரியும். குனிஞ்சுதான் நுழையணும், மழை வந்தால் ஒழுகும் என்பதும் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீற்றின் வாசனையைப் பேசுகிறவர் அந்தப் புகையின் வாசனையையும் சேர்த்துப் பேசட்டும்.

இதெல்லாம் கிராமத்துக் கதை, பட்டணத்தில் ஏது என்பார்கள். வங்கியில் வீட்டுக்கடன் மனுக்களைப் பார்க்கிற குமாஸ்தா நான். கூடவே வரைபடமும் வரும். பூஜை அறை இருக்கும், வாஸ்து இருக்கும். சிலதில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவுக்குப் பின்பக்கம் தனி வழியும் தனிக் கக்கூசும் இருக்கும். வரைந்தவர் படித்த பொறியாளர். எந்தக் கை எதைத் தொடலாம் என்று அவருக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

எனவே அழகைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் வாசலைப் பற்றிப் பேசுவோம். கல்லின் குளிர்ச்சி, மரத்தின் வழவழப்பு எல்லாம் நமக்கும் வேண்டும். தூர நின்று பார்த்தது போதும். ஒரு கட்டடம் நல்ல கட்டடமா என்று அளக்க என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல்தான்: யார் வந்தாலும் அதன் சுவரில் முதுகு சாய்த்து உட்கார முடியுமா?