கும்பிடு பூச்சியின் கூட்டைக் கொளுத்தலாமா?

கொய்யாவிலும் முருங்கையிலும் கவாத்து செய்த குச்சிகளைக் குவித்துத் தீ வைக்கும்போது, அவற்றோடு எரிந்து போகும் ஒரு பொருளைப் பல விவசாயிகள் கவனிப்பதில்லை. காய்ந்த நுரை போலப் பழுப்பு நிறத்தில், ஏறக்குறைய நெல்லிக்காய் அளவில், குச்சியோடு ஒட்டியிருக்கும் முடிச்சு அது. புழுக்கூடு என்று காலால் நசுக்குகிறவர்களும் உண்டு. உண்மையில் அது கும்பிடு பூச்சியின் முட்டைக் கூடு. பெரிய இனங்களில் ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும்.

தயிர்க்கடைப் பூச்சி, பெருமாள் பூச்சி என்றெல்லாம் இதற்குப் பெயர் உண்டு. பெயர் தெரிந்த அளவுக்கு ஆளைத் தெரியவில்லை. பச்சையாக இருந்தால் வெட்டுக்கிளி என்று அடித்து விடுகிறார்கள். நிறத்தை வைத்து முடிவு கட்டுவதே தவறு. ஒரே இனத்தில் பச்சையும் பழுப்பும் பிறக்கும். காலைப் பார்க்க வேண்டும். வெட்டுக்கிளிக்குத் தாவுவதற்காகப் பின்னங்கால் தடித்திருக்கும். கும்பிடு பூச்சிக்கோ முன்னங்கால்தான் தடித்து, அரிவாள் போல மடங்கி, உள்பக்கம் முள் வரிசையுடன் இருக்கும். முக்கோணத் தலையைத் திருப்பி ஆளையே பார்க்கும். குச்சிப் பூச்சிக்கு இந்தப் பிடிகால் இல்லை. அது இலை தின்னும் இனம்.

கிராமத்துச் சிறுவர்கள் இதைப் பாட்டிலில் வளர்ப்பதைப் பெரியவர்கள் கண்டிக்கத் தேவையில்லை. வயலில் என்ன இருக்கிறது என்பதை அவர்கள்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். என்ன இனம் என்று அறிய, இறக்கை முழுதாக வளரும் வரை பொறுக்க வேண்டும். குஞ்சில் இனம் பிரிப்பது கடினம். வளர்ந்த பின் முன்னங்காலின் உள்பக்கப் புள்ளிகளையும், இறக்கையின் குறியையும் பார்க்கலாம். உடல் பருத்து, பச்சை முன்னிறக்கையில் ஆளுக்கொரு வெள்ளைப் பொட்டு வைத்தது போல் இருந்தால் பெரும்பாலும் ஹைரோடுலா இனம். சருகு போல் உலர்ந்த நிறமும், குச்சி போல் நீண்ட கழுத்தும், காலில் இலை போன்ற மடல்களும் இருந்தால் கோங்கிலஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படுவது. அடிவயிற்றில் எட்டு வளையம் தெரிந்தால் ஆண், ஆறு என்றால் பெண்.

ஒரு பாட்டிலில் இரண்டை விட்டால் ஒன்று மற்றதைத் தின்று விடும். செத்த பூச்சியை வைத்தால் பொதுவாகத் தொடாது. அசைகிற இரை வேண்டும். தலைகீழாகத் தொங்கித் தோலுரிப்பதால், அதன் நீளத்தைப் போல் மூன்று மடங்கு உயரமும், பிடித்துக்கொள்ள ஒரு குச்சியும் வேண்டும். இடமின்றி விழுந்தால் கால் கோணிவிடும். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு பூச்சியைச் செடியிலேயே விட்டு விடுவது மேல்.

விவசாயிக்கு இனத்தின் முழுப் பெயர் தேவையா? நெருங்கிய இனங்களைப் பிரிக்க ஆராய்ச்சியாளர்களே ஆணின் உறுப்புகளைச் சோதிக்க வேண்டியிருக்கிறது. பிடிகாலும் முட்டைக் கூடும் தெரிந்தால் விவசாயிக்குப் போதும். மிகைப்படுத்தவும் கூடாது. இது புழுவைத் தின்னும். தேனீயையும் தின்னும், நமக்கு உதவும் சிலந்தியையும் விடாது. இது ஒன்றை நம்பிப் புகையானை விட்டுவிட முடியாது.

ஆனாலும் அழித்தால் ஈடு கட்டுவது எளிதல்ல. புகையான் ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை பெருகிவிடும். கும்பிடு பூச்சி வளர்ந்து முட்டையிடப் பல மாதங்கள் ஆகும். கண்மூடி மருந்து அடித்தால் முதலில் திரும்பி வருவது பயிரைத் தின்னும் பூச்சிதான். மறுபடி மருந்துச் செலவு.

கவாத்து செய்யும்போது கூடுள்ள குச்சியை மட்டும் தனியே வெட்டி, வேலியில் இடுப்பு உயரத்தில் கட்டி விடலாம். தரையில் போட்டால் பொரிந்து வரும் குஞ்சுகளை எறும்பு இழுத்துப் போய்விடும். கூட்டில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள் பல இருந்தால் பொடிக் குளவிகள் உள்ளிருந்து முட்டையைத் தின்று வெளியேறி விட்டன என்று கொள்ளலாம். அந்தக் குச்சியைக் கட்டிப் பயனில்லை.